ஃபுல்லர் கால் வைக்காத புடவை

மறைமலை நகர் கம்பெனியில் புது மெஷின் மாட்ட வந்த வெள்ளைக்கார என்ஜினியரின் குடும்பப் பெயர் ஃபுல்லர். லைனில் நாங்கள் அவரை ‘புல் பாட்டில்’ என்போம். எண்பதுகளின் தொடக்கம் அது. ஓடி (ஓவர்டைம்) பார்த்துப் பார்த்து எனக்குச் சிரிக்கக்கூட அலுப்பு.

ஒருநாள் டீ குடிக்கும்போது அவரே பெயருக்கு அர்த்தம் சொன்னார். எங்கள் ஊர்க்காரரான சூப்பர்வைசர் தமிழில் சொன்னார். அந்தக் காலத்தில் நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, மண் கரைத்து ஊற்றி, அழுக்கும் பிசுக்கும் போகக் காலால் மிதிக்கிறவனுக்கு ஃபுல்லர் என்று பெயராம். தொழில் போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டதாம். மனிதர் கூச்சமே இல்லாமல் சொன்னார்.

“அப்ப நம்ம வண்ணான் மாதிரி,” என்று சூப்பர்வைசர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதை மட்டும் இங்கிலீஷில் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மாவும் உவர்மண் போட்டுத்தான் ஊர்த் துணி வெளுத்தாள். பொடிப்பிள்ளைகள்கூட அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். சம்பளம் வருதே, விட்டுடும்மா என்று கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துபோயிருந்தேன்.

“ஊர்ல கீறோமேடா, எப்டி வுட்றது?” என்பாள்.

பிறகு சூப்பர்வைசர் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஃபுல்லரை அழைத்தார். பெரிய மனிதர் வந்தால் தெருவிலிருந்து பந்தல்வரை வெளுத்த புடவைகளை விரித்து, அதன்மேல் நடக்க வைப்பது எங்கள் ஊர் மரியாதை. விரிப்பது எங்கள் வீட்டு வேலை. முந்தின நாளெல்லாம் அம்மா ஏரித் தண்ணீரில் நின்று இடுப்பொடிய வெளுத்தாள்.

ஃபுல்லர் காரிலிருந்து இறங்கினார். குனிந்து விரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, யார் என்று கேட்டார். சூப்பர்வைசர் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

“மை மதர், சார். ஃபுல்லர்.”

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு புடவைக்கு ஓரமாக, புழுதியிலேயே பந்தலுக்கு நடந்தார். அவர் மிதிக்காததை வேறு யாரும் மிதிக்கவில்லை. சூப்பர்வைசர் முகம் சுண்டிப்போயிற்று.

துணிகளைச் சுருட்டும்போது அம்மா முகம் வாடியிருந்தது.

“இன்னாடா, கால் வெக்காமயே பூட்டாரு? வெளுப்பு சரியில்லியா?”

“இல்லம்மா, மரியாதை. அவங்க பாட்டன் பூட்டனும் இதே தொழில்தானாம்.”

அவள் புடவையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒரு கறை இல்லை.

“அப்ப நாளிக்கி திரும்ப வெளுக்க வேணாம்,” என்று சொல்லி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.