தரை தட்டும்வரை தோண்டினோம்

இது நடந்தது பட்டப்பகலில். யாரும் குடித்திருக்கவில்லை. மூன்று பேர் இருந்தோம். அதில் சிக்வெ இன்றைக்கும் "மெஷின் கோளாறு" என்றுதான் சொல்கிறான். யோஸ்டெய்ன் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். மிச்சம் இருப்பவள் நான், தூர்திஸ். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன வருடம், மே மாதத்து முதல் சனிக்கிழமை. எங்கள் நார்வேயில் அப்போது ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நிற்கும் ஃபியோர்டின் கரையில் காரை விட்டுவிட்டு, பனிச்சறுக்குப் பலகைகளோடு நான்கு சிகரங்களை ஏறி இறங்கி, மறுகரையில் போய் முடிப்பது என்று திட்டம். மூன்று வருடமாக இது தட்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு தடவை மழை. ஒரு தடவை யோஸ்டெய்னின் முழங்கால். ஒரு தடவை சிக்வெயின் கல்யாணம். இப்போது அவன் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம்.

"இந்தத் தடவையும் விட்டோம்னா, அப்புறம் நான் பால்புட்டியோடதான் மலை ஏறணும்" என்றான் சிக்வெ.

"ஏறு. உன் வேகத்துக்குக் குழந்தையே உன்னை முந்திடும்" என்றான் யோஸ்டெய்ன்.

காலை எட்டரை மணிக்கு முதல் சிகரம். ஆரஞ்சு உரித்துத் தின்றோம். பனி அருமையாக இருந்தது. சிரித்துக்கொண்டே சறுக்கி, இரண்டு மலைகளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் இறங்கினோம்.

அங்கே ஒரு பனிச்சரிவு விழுந்து கிடந்தது. முந்தின நாள் விழுந்ததாக இருக்கலாம்.

எங்கள் எல்லோர் நெஞ்சிலும் பீக்கன் என்ற சின்னக் கருவி கட்டியிருக்கும். அது சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்துபோனால், மற்றவர்கள் தங்கள் பீக்கனைத் தேடுவதற்கு மாற்றுவார்கள். எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் என்று அது காட்டும்.

"எதுக்கும் ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடலாம்" என்றான் யோஸ்டெய்ன். மூவரும் மாற்றினோம்.

பீப்.

"யாரு இன்னும் மாத்தல?" என்றான் சிக்வெ.

மூன்றையும் நீட்டிப் பார்த்தோம். எல்லாமே மாறித்தான் இருந்தன. அப்படியென்றால் சிக்னல் அனுப்புவது நாங்கள் இல்லை.

பீப்… பீப்…

யாரோ கீழே இருக்கிறார்கள்.

ஓடினோம். இருபது மீட்டர். ஒன்பது. மூன்று. கடைசியில் 1.4. அதற்குக் கீழே இறங்கவில்லை. புதைந்த ஆளைத் தேடும் நீளக் கம்பியை அந்த இடத்தில் குத்தினோம். எதுவும் தட்டுப்படவில்லை. நான் அவசர எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஹெலிகாப்டர் கடலில் ஒரு மீன்பிடிப் படகுக்குப் போயிருந்தது. மீட்புக் குழு நடந்துதான் வர வேண்டும். "நீங்க தோண்டிக்கிட்டே இருங்க" என்றார்கள்.

தோண்டினோம். இறுகிய பனி, சிமெண்ட் மாதிரி. கையெல்லாம் கொப்புளம். இடுப்பு ஆழம். மார்பு ஆழம். யோஸ்டெய்ன் குழிக்குள் பீக்கனை இறக்கினான்.

1.4.

"இன்னுமா? இவ்வளவு தோண்டியும் இன்னுமா?" சிக்வெ பனிவாரியை வீசி எறிந்தான். பிறகு அவனே போய் எடுத்துவந்தான். வேறு என்ன செய்வது? கீழே ஒரு உயிர் இருந்தால்?

ஆளைவிட ஆழமாகிவிட்டது. பனிவாரி 'டங்' என்றது. கல். பக்கத்தில் மஞ்சள் புல். தரை. யாரும் இல்லை.

பீக்கனைத் தரையில் வைத்தேன். 1.4.

தரையை ஒட்டின பனியில் ஒரு சின்னக் குழிவு இருந்தது. உள்ளங்கை அளவு. உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. யோஸ்டெய்ன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்தான். ஏனென்று எனக்குத் தெரியும். புதைந்த ஆளின் மூச்சுப் பட்டுப் பட்டு, முகத்துக்கு நேரே பனி அப்படித்தான் உறையும்.

அந்த நொடியில் பீப் நின்றது.

பதினொன்றே காலுக்கு மீட்புக் குழு வந்தது. தலைவி குன்வோர், இரண்டு ஆட்கள், ஒரு நாய். அவர்கள் பீக்கன்களில் ஒன்றுமே இல்லை. நாய் குழியை மோந்துவிட்டு, கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்டது.

"காணாமப் போனதா ஒரு தகவலும் இல்லையேப்பா" என்றாள் குன்வோர். அசடு வழிய நின்றோம்.

இரண்டரை மணி நேரம் வீண். வெயில் ஏற ஏறப் பனி இளகும். இளகினால் நான்காவது சிகரம் ஆபத்து. சிக்வெ விறுவிறுவென்று ஏறத் தொடங்கினான். பின்னால் நான். எனக்கும் பின்னால் யோஸ்டெய்ன். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பனிமேல், பீக்கன்மேல், அவர்கள்மேல், என்மேல்.

இரண்டாவது சிகரத்துக்குச் சற்றுக் கீழே மூச்சு வாங்க நின்றேன். ஏனோ கை தானாக பீக்கனை மாற்றியது.

சிக்வெயும் யோஸ்டெய்னும் இப்போது சிக்னல் அனுப்புகிறார்கள். இரண்டு சிக்னல் காட்ட வேண்டும்.

மூன்று காட்டியது.

35. 22. 1.4.

நான் நாலடி நகர்ந்தேன். முப்பத்தைந்து முப்பத்தாறானது. 1.4 அப்படியே.

வேகமாக நடந்தேன். 1.4.

ஓடினேன். 1.4.

பீக்கனை அணைத்தேன். அமைதி…

சரக்… சரக்…

என் பலகைகளின் சத்தம்தான். நின்றேன்.

சரக்.

ஒன்று, நான் நின்ற பிறகு.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"யோஸ்டெய்ன்!" குரல் கிழிந்தது. "தேடிப் பாரு… என்னைத் தேடு!"

அவன் பீக்கனை மாற்றினான். பார்த்தான். என்னைப் பார்த்தான். என் தோளுக்குப் பின்னால் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை என்று பிறகு சத்தியம் பண்ணினான்.

"உன்னோடது அணைச்சிருக்கா?"

"ஆமா."

அவன் தன் பீக்கனை மறுபடி பார்த்தான். "அப்படியும் உன் இடத்துலேருந்து ஒரு சிக்னல் வருது. வீட்டுக்குப் போலாம்."

"இன்னும் ரெண்டு சிகரம் இருக்குடா!" மேலே சிகரத்திலிருந்து சிக்வெ கத்தினான். "மூணு வருஷம்! மூணு வருஷம்டா!"

இறங்கினோம். குழந்தை பிறந்ததைக்கூட சிக்வெ எங்களுக்குச் சொல்லவில்லை.

இந்த வருடம் ஏப்ரலில், ஃபியோர்டு கடக்கும் படகில் குன்வோரைப் பார்த்தேன். அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கும் சேர்த்து, படகில் சுடச்சுடத் தரும் தடித்த அப்பம் வாங்கினாள்.

"அன்னிக்கு உங்ககிட்ட சொல்லல. பயந்துடுவீங்கன்னு" என்றாள். "அந்தப் பள்ளத்துலேருந்து வருஷா வருஷம் கூப்பிடுவாங்க. ஆறு வருஷமா. சிக்னல் வருது, ஆளைக் காணோம்னு. போய்ப் பார்த்தா ஒண்ணும் இருக்காது."

"எல்லாரும் தோண்டினாங்களா?"

"இடுப்பு ஆழத்துல விட்டுடுவாங்க. சலிச்சுப்போயிடும். தரை வரைக்கும் போனது நீங்க மட்டும்தான்." அப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். "இந்தக் குளிர்காலம் பூரா அங்கேருந்து ஒரு போன்கூட வரல. பனிச்சரிவு விழாம இல்ல, ஆளுங்க போகாம இல்ல. அங்க இப்ப எதுவுமே இல்ல. உண்மையிலேயே நன்றிம்மா."

சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினாள்.

பிறகு கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு, எனக்கு மறுபக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.