காவடிப் படத்தில் மகள் இல்லை

காய்ச்சலில் கிடந்த மகள் எழும்பினால் காவடி எடுப்பாள் என்று அம்மனுக்கு நேர்த்தி வைத்தவள் என் மனைவி. மகள் எழும்பினாள். ஆனால் முல்லைத்தீவில் திருவிழா நடந்தபோது மனைவி கால் முறிந்து வீட்டில் இருந்தாள். "படத்திலையாவது பாக்கிறன்" என்றாள்.

அவளுடைய தம்பி, நடுக்கம் தடுக்கும் லென்சுள்ள கமராவைத் தந்தார். "அத்தான், கண்ணை மூடிக்கொண்டு அமத்துங்கோ. ஒண்டும் ஆடாது!"

நம்பி எடுத்தேன். வீட்டில் பார்த்தால், மாலை வெளிச்சத்தில் கோயில் தூண் தெளிவாக நின்றது. ஆடிய மகள் வெறும் புகையாகத் தெரிந்தாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை எங்கை?" என்றாள் மனைவி.

மச்சான் சிரித்தார். "அந்த லென்ஸ் உங்கட கை நடுக்கத்துக்குத்தான் அத்தான். ஆடுற பிள்ளைக்கு ஷட்டர் திறந்து மூடுற வேகத்தைக் கூட்டவேணும்."

"அதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

இப்போது ஷட்டர் வேகத்தைக் கூட்டி, முற்றத்தில் ஓடும் கோழியை எடுத்துப் பார்த்த பிறகே கோயிலுக்குப் போகிறேன். அந்த நேர்த்தியை அம்மன் பார்த்தாள்; வைத்தவள்தான் பார்க்கவில்லை.