ஒரு டம்ளர் நித்தியகல்யாணிச் சாறு

எனக்கு எழுத்து வராதுங்க. நான் சொல்லச் சொல்ல மருமவ எழுதுறா. நீடாமங்கலம் பக்கம் எங்க வாய்க்கா கரையெல்லாம் நித்தியகல்யாணி மண்டிக் கெடக்கும். சின்னப்புள்ளையில நானும் தங்கச்சி சரோஜாவும் அதைத் தலையில செருகிக்கிட்டு நடவு பாக்க ஓடுவோம். "சுடுகாட்டுப் பூவை ஏண்டி வெக்கிறீங்க?"ன்னு அம்மா புடுங்கி எறியும். அதெல்லாம் ஒரு காலங்க!

போன வருஷம் சரோஜாவுக்கு ரத்தத்துல புத்துநோய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில மருந்து ஏத்துறப்ப, "இது நித்தியகல்யாணியிலேர்ந்து எடுக்குறதும்மா"ன்னு நர்ஸம்மா சொன்னாங்க. எனக்குத் தலைகால் புரியல. நம்ம பூவாச்சே! மறுநாளே தழையை அரைச்சு, ஒரு டம்ளர் சாறு கொண்டுபோய் நீட்டிட்டேன். அவ வாய்கிட்ட கொண்டு போறப்ப நர்ஸம்மா ஓடியாந்து புடுங்கிட்டாங்க.

"பச்சையா குடிச்சா விஷம்மா! வேண்டியதை மட்டும் பிரிச்சு, ஒடம்புக்குத் தக்கன அளந்து ஏத்துறோம். இதுவும் சேந்தா உசுருக்கே ஆபத்து."

நான் தலையில அடிச்சுக்கிறேன். சரோஜா சிரிக்கிறா: "சுடுகாட்டுப் பூவைக் குடுத்து என்னை அங்கேயே அனுப்பப் பாத்தியாக்கா?"

இப்ப சரோஜா தேறிட்டா, முடிகூட வளந்துடுச்சு. டாக்டரைக் கேக்காம எந்தக் கசாயமும் நான் குடுக்குறதில்ல. வெந்நி கேட்டாக்கூட, "டாக்டரைக் கேட்டியாடி?"ங்கிறேன். அடிக்க வர்றா!