மூன்றாவது ஆள் எறிந்த தூரம்

புத்தூரில் தியாகலிங்கம் அண்ணைக்குத் தொழில் வெங்காயச் செய்கை. ஆனால் யார் கேட்டாலும் பரிதிவட்டம், அதாவது வட்டத் தட்டு, எறிகிறவன் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் தொடங்கியதை முப்பது வயது கடந்தும் அவர் விடவில்லை. வெங்காயம் கிண்டிய தோட்டம் சும்மா கிடக்கும் நாட்களில் செம்மண்ணில் ஒரு வட்டம் கீறி, வெறுங்காலோடு சுழன்று எறிவார். பிறகு தானே நடந்துபோய் எடுத்து வருவார். அந்த நடைக்கு இன்னும் நாலு பாத்தி கட்டியிருக்கலாம் என்று அவர் மனைவி கமலாவதி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லுவா.

தொண்ணூற்றிரண்டில் மாவட்டப் போட்டியில் நாற்பத்தேழு மீற்றர் எறிந்தார். அடுத்த வருடம் அயல்நாடுகள் பலவும் சேர்ந்த பெரிய மெய்வல்லுநர் போட்டி ஒன்று வந்தது. அதற்கு ஆள் எடுக்கும் தேர்வு கொழும்பில் நடந்தது. போரால் ஆனையிறவுப் பாதை பூட்டியிருந்ததால் கிளாலியில் வள்ளம் ஏறினார். கடலில் வெடிச்சத்தம் கேட்டு வள்ளம் கரைக்குத் திரும்பியது. மறுபடி காத்திருந்து ஏறி, வவுனியா போய்ச் சேர்ந்தபோது தேர்வு முடிந்துவிட்டது. அங்கிருந்தே திரும்பி வந்தார்.

அதன்பிறகு ஒரே ஒரு விஷயம் அவரைப் பிடித்துக்கொண்டது. போட்டியில் மூன்றாவதாக வருகிறவன் நாற்பத்தேழுக்குக் கீழே எறிந்தால், அந்தப் பதக்கம் தன்னுடையது. மேலே எறிந்தால், போயிருந்தாலும் பயனில்லை. இரண்டில் ஒன்று தெரிய வேண்டும். கண்டவர்களிடமெல்லாம் இதையே கதைத்தார்.

மின்சாரம் போய் மூன்று வருடமாகியிருந்தது. பற்றரி வரத் தடை. சந்தியில் கடை வைத்திருந்த தம்பிஐயா, சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்பார். வேகம் குறைந்தால் சத்தம் படுக்கும். கூடினால் றேடியோ கருகும். அதனால் பெடலை அவர் ஒருவரிடமும் கொடுப்பதில்லை. தட்டெறிதல் நடந்த அன்று பின்னேரம் ஆங்கில விளையாட்டுச் செய்திக்காக அண்ணையும் நானும் போனபோது தம்பிஐயாவுக்குத் தோள்பட்டை பிடித்திருந்தது. தியாகலிங்கம் அண்ணை பெடலைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஒழுங்கையிலுள்ள வீடுகளுக்குள் படித்துப் பட்டம் எடுத்தவன் நான் ஒருவன் என்பதால், காதை றேடியோவில் வைத்துத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு.

கிரிக்கெட் வந்தது. டெனிஸ் வந்தது. பிறகு ஓட்டங்கள்.

"உவங்கள் ஓடினதை விடு. தட்டு வந்தால் சொல்லு," என்றார் அண்ணை.

"வருது அண்ணை. உங்கடை தட்டுத்தான்."

முதலாவது ஆளைச் சொன்னேன். இரண்டாவது ஆளைச் சொன்னேன். மூன்றாவது பெயர் வந்தது, 'நாற்பது' என்று ஆங்கிலத்தில் வந்தது. அந்தக் கணம் பார்த்து அண்ணையின் கை தட்டைச் சுழற்றுகிற வேகத்தில் பெடலைச் சுழற்றியது. றேடியோ ஒருமுறை கத்தி அடங்கியது. உள்ளேயிருந்து புகை வந்தது.

"மெல்லச் சுத்தெண்டு எத்தினை தரம் சொன்னனான். இதென்ன, நீ எறியிற தட்டே?" என்றார் தம்பிஐயா.

அண்ணை அவரைப் பார்க்கவே இல்லை. "நாற்பதுக்குப் பிறகு என்ன சொன்னவன்?" என்று என்னைக் கேட்டார்.

"அதுக்குள்ளை நிண்டிட்டுது அண்ணை."

மறுநாள் வெங்காயம் நடுகை. பெண்கள் வந்து காத்திருக்க, அவர் என்னையும் இழுத்துக்கொண்டு சைக்கிளில் உடுவிலுக்குப் புறப்பட்டார். அங்கே மரியரட்ணம் மாஸ்ரர் செய்தியைக் கேட்டிருந்தார். தட்டெறிதலில் இலங்கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. தூரம் எத்தனை என்று கேட்டதற்கு, அதையெல்லாம் யார் கவனித்தது என்றார். நல்லூரில் ரியூசன் நடத்துகிறவர் கிரிக்கெட் முடிந்ததும் றேடியோவை நிற்பாட்டியிருந்தார். போகாத போட்டிக்கு ஏன் இவ்வளவு அலைச்சல் என்று வேறு கேட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

திரும்பி வருகையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் கமலாவதி அக்கா நின்றா. நட வந்தவர்கள் போய்விட்டார்கள், நாற்று வெயிலில் கிடக்கிறது என்று சொன்னா. அண்ணை சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"பருத்தித்துறையிலை ஆரும் கேட்டிருப்பினம். போய் விசாரிச்சிட்டு வாறன்."

"கேட்டு? கீழை எறிஞ்சவன் எண்டால் ஆர் அந்தப் பதக்கத்தைக் கொண்டுவந்து தரப்போகினம்?"

"ஒருத்தரும் தரவேண்டாம். எனக்குத் தெரியோணும்."

அக்கா நாற்றுப் பக்கம் போனா. நான் அண்ணைக்குப் பின்னால் போனேன். வழியில் வல்லை என்ற வெட்டவெளியில் எதிர்க்காற்று; அவர் எழும்பி நின்று மிதித்தார். பருத்தித்துறையில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. பிறகு கொழும்பிலிருக்கும் கூட்டாளிக்கு எழுதினேன். தங்கம் யாருக்கு என்று மட்டும் விபரமாக எழுதியிருந்தான்.

மூன்றாவது ஆள் எவ்வளவு தூரம் எறிந்தான் என்பது இன்னும் புத்தூருக்கு வந்து சேரவில்லை. என்னைக் காணும்போதெல்லாம் அண்ணை கேட்கிறார்.