முன்சக்கரம் மட்டும் சுற்றியது

எத்தனை டன் டிரெய்லரை ஏற்றத்தில் இழுக்க எந்த எஞ்சின், எந்த கியர் என்று சிஞ்ச்வட்டில் ஒரு லாரி கம்பெனியில் கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு.

இன்று வீடு மாற்றினோம். நண்பனின் குட்டி டிரெய்லரில் ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் ஏற்றி, என் காரின் பின்னால் மாட்டினேன். எடையெல்லாம் சரியாகத்தான் பார்த்தேன்.

பேஸ்மென்ட் ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. பின்னால் பாரம் அமுக்க, முன்பக்கம் லேசாகி, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. என் காரை இழுப்பது முன்சக்கரம் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"ஜோர் லாவா", பலமாகத் தள்ளு என்று மராத்தியில் சத்தம் போட்டபடி அபார்ட்மென்ட் சொசைட்டியே கூடித் தள்ளியது.

மனைவி கேட்டாள்: "ஏனுங்க, ஆபீஸ்லயும் இந்த வேலையத்தான் பண்றீங்களா?"

நல்லவேளை, ஆபீஸில் யாருக்கும் தமிழ் தெரியாது. இந்தப் பதிவுக்குக் கீழே இருக்கும் டிரான்ஸ்லேட் பட்டனை எப்படி மறைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.