ரூஜ் காணியில் ஒரு கறுப்பு வட்டம்

போன செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, இங்கே கனடாவில் ரூஜ் ஆற்றுப் பக்கம் நடக்கும் அகழ்வாய்வுக்குப் போனேன். அன்று பொதுமக்களும் மண் சுரண்டிப் பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். எனக்குத் தொல்லியல் பைத்தியம் ஒன்றும் கிடையாது. ஆங்கிலம் அவ்வளவாக வராத மச்சாள் ஜெயந்திக்குத் துணையாகத்தான் போனேன். அவருக்கு அது வேலைக்கான பரீட்சை. தேறினால் திங்கள் முதல் தோண்டும் குழுவில் சம்பள வேலை. இல்லையென்றால் மறுபடியும் பிறம்ரன் வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்க வேண்டும். அவருடைய முதுகு இனி அதைத் தாங்காது.

டோர்செட் பார்க்கில் இருக்கும் வீட்டிலிருந்து காலை 7.10க்குப் புறப்பட்டோம். இரண்டு பஸ், ஒரே கட்டணம், ஆளுக்கு 3 டொலர் 30 சதம். 8.25க்கு மிருகக்காட்சிசாலைத் தரிப்பில் இறங்கினால் ஒன்றரைக் கிலோமீற்றர் நடை. புல்வெளி வந்ததும் ஜெயந்தி நின்றுவிட்டார்.

"மச்சாள், நான் கால் வச்ச இடத்திலை கால் வச்சு வாங்கோ."

"உது கனடாவப்பா! இஞ்சை என்ன கிடக்கப்போகுது?" என்று எரிந்து விழுந்தேன். வன்னியில் ஏழு வருடம் கண்ணிவெடி அகற்றியவர் அவர். அது தெரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. பிந்திவிடுவோமே என்ற பதற்றத்தில் என் பாட்டுக்குக் குறுக்கே நடந்தேன்.

பல நூறு வருடங்களுக்கு முன் இந்த நிலத்தின் முதற்குடிகள் வாழ்ந்த ஊர் அது. அதைச் சுற்றியிருந்த மரவேலி எவ்வழியே ஓடியது என்று தேடினார்கள். ஆளுக்கு ஒரு மீற்றர் சதுரம், கையில் வீடு கட்டும் மேசன்மார் வைத்திருப்பது போன்ற ஒரு சின்னக் கரண்டி.

பதினொரு மணிக்குள் நாங்கள் எல்லோரும் பத்துச் சென்ரிமீற்றர் இறங்கிவிட்டோம். ஜெயந்தி இரண்டுகூட இல்லை. கரண்டியைச் சரித்துப் பிடித்து, விரலால் தடவித் தடவிப் போனார். மேற்பார்வையாளர் கிளேர் மணிக்கூட்டைப் பார்த்தார். இந்த வேகத்துக்கு வேலை தர முடியாது, அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று என்னிடம் சொன்னார். நான் ஜெயந்தியின் பக்கம் போய்க் குனிந்தேன்.

"கொஞ்சம் கெதியாக் கிண்டுங்கோவன்."

"எனக்குக் கெதியாக் கிண்டத் தெரியாது. அப்பிடிக் கிண்டின ஆக்கள் உயிரோடை இல்லை."

என் சதுரத்துக்குத் திரும்பிக் கரண்டியை எடுத்தேன்.

"ஒருத்தரும் அசையாதேங்கோ!"

ஜெயந்திதான் கத்தினார். சுற்றியிருந்த பத்துப் பேருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் அத்தனை பேரும் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றார்கள்.

"இதிலை ஆரோ கிண்டித் திருப்பி மூடியிருக்கினம். மண் நிறம் மாறியிருக்கு, பாருங்கோ."

கிளேருக்கு மொழிபெயர்த்தேன். கிளேர் முழந்தாளிட்டு அந்த இடத்தில் தண்ணீர் தெளித்தார். உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. வேலிக் கம்பம் நட்ட குழி. மரம் உக்கி மண்ணோடு மண்ணாகிவிட்டது. கிளேர் அதிலிருந்து கையால் அளந்துகொண்டு போய் என் சதுரத்தில் நின்றார். அடுத்த கம்பத்தின் கறை இங்கே இருந்திருக்க வேண்டும் என்றார். அதை நான் எப்போதோ சுரண்டி வாளியில் போட்டிருந்தேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கு வர முடியுமா என்று கிளேர் நேரே ஜெயந்தியிடம் கேட்டார்.

"ஓம்," என்றார் ஜெயந்தி. பிறகுதான் "யெஸ்" வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: முழங்காலுக்கு ஒரு தடித்த விரிப்பும் இரண்டு லீற்றர் தண்ணீரும் கொண்டுபோங்கள். அங்கே நிழல் கிடையாது. யாரோடும் போட்டி போட்டுத் தோண்டாதீர்கள்.

மூன்றரைக்குத் திரும்பினோம். ஜெயந்தி காலையில் வந்த தடத்திலேயே நடந்தார். நான் வாயை மூடிக்கொண்டு, அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்துப் பின்னால் போனேன்.