ஷீலா தேடிய கிளப்

நொச்சிக்குப்பத்தில் கிளப் என்றால் ஆம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடும் இடம். அதனால் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் தனபாலன் ஒரு சனிக்கிழமை காலை ஷீலாவின் மீன் கடைக்கு வந்து, அரைக் கிலோ சங்கரா வாங்கிவிட்டு, "உங்க பொண்ண ஒரு நல்ல கிளப்புல சேத்துடுங்கம்மா" என்று சொன்னபோது, செதில் சுரண்டிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா சார் சொல்றீங்க? ஆறாவது படிக்குது சார் அது."

"ஃபுட்பால் கிளப்புமா!"

பக்கத்துக் கடைப் பெண்கள் சிரித்தார்கள். ஷீலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தனபாலன் விளையாட்டாகச் சொல்லவில்லை. மகள் மெர்லினின் இடது காலில் ஏதோ ஒரு வித்தை இருக்கிறது, பள்ளியில் வருஷத்துக்கு இரண்டு மேட்ச்தான், அது அவளுக்குப் போதாது, லீக் ஆடுகிற கிளப்பில் இப்போதே போட்டால்தான் உண்டு என்றார். வீட்டுக்குப் போனதும் மூன்று கிளப்புகளின் பெயரை வாய்ஸ் மெசேஜில் அனுப்பியும் வைத்தார். ஷீலா அதை நான்கு தடவை போட்டுக் கேட்டாள்.

ஷீலாவுக்கு முப்பத்தாறு வயது. எட்டாவதோடு படிப்பை விட்டவள். மந்தைவெளியிலிருந்தும் அபிராமபுரத்திலிருந்தும் வருகிறவர்கள் பத்துக் கடையைத் தாண்டி அவளிடம் வருவதற்குக் காரணம் உண்டு. "இது நேத்து மீனும்மா, கொழம்புக்கு ஆவாது, நாளைக்கி வா" என்று வாடிக்கையாளரையே திருப்பி அனுப்புவாள். சரக்கு எடுக்கவும் யாரையும் அனுப்பமாட்டாள். ஏலத்துக்குத் தானே போய், செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் எடுப்பாள். அவள் புருஷன் லாரன்ஸ் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன். அவன் கொண்டுவரும் மீனையும் அவள் செவுளைப் பார்க்காமல் விற்பதில்லை என்று குப்பத்தில் கேலி பேசுவார்கள்.

அப்படிப்பட்டவள் மகளுக்குக் கிளப் பார்ப்பதென்றால் போன் பண்ணி விசாரித்து முடித்துவிடுவாளா? மூன்றையும் நேரில் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

முதலில் தி. நகர். ஒரு பள்ளி மைதானத்தில் சாயங்காலம் அறுபது பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு கோச். ஷீலா அரை மணி நேரம் நின்று பார்த்தாள். அந்த மனிதர் ஒரு பிள்ளையைக் கூடப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏய் பச்ச சட்ட, அங்க போ! ஏய் குள்ளம், இங்க வா!" என்றுதான் கத்திக்கொண்டிருந்தார். மெர்லின் அன்று போட்டிருந்தது மஞ்சள் சட்டை. "வா, போலாம்" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஷீலா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அடுத்தது அடையாறு. அங்கே போனதும் மெர்லின் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். செயற்கைப் புல் விரித்த தரை, நாலு பக்கமும் வலை, வரிசையாகப் புதுப் பந்துகள். பிள்ளைகள் எல்லோரும் முதுகில் பேர் போட்ட நீல ஜெர்சியில் இருந்தார்கள். செலக்‌ஷனுக்கு எழுபது பேர் வந்திருந்தார்கள். மணலில் வெறுங்காலோடு பையன்களோடு ஆடிப் பழகிய மெர்லின், தனபாலன் கொடுத்த பழைய ஷூவில் மூன்று கோல் போட்டாள். கோச் கையிலிருந்த டேப்லெட்டில் அவள் பேரைத் தட்டிக்கொண்டார். இரண்டு நாளில் போன் வந்தது. மெர்லின் தேர்வாகிவிட்டாள், ஃபீஸ் கட்ட வேண்டாம், கிட்டும் அவர்களே தருகிறார்கள்.

"அப்புறம் இன்னா யோசன?" என்றான் லாரன்ஸ். "பெரிய கிளப்பு, சும்மா கூப்புடறான். கண்ண மூடிக்கினு போடு."

"கண்ண மூடிக்கினு நான் எத வாங்கிக்கிறேன்?" என்றாள் ஷீலா.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிளப்புக்கு வேறொரு கிளப்போடு மேட்ச் இருந்தது. ஞாயிறு காலை மீன் கடைக்கு எப்படிப்பட்ட நேரம் என்று சொல்லவே வேண்டாம். கடையைப் பக்கத்துக் கடை முத்துமாரியிடம் ஒப்படைத்துவிட்டு ஷீலா தனியாக அடையாறு போனாள். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் பெற்றோர்கள் நின்றிருந்தார்கள். ஒரு அப்பா, "பாஸ் பண்ணாத, நீயே அடி!" என்று தன் மகளைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். கோச் அதற்கு நேர்மாறாகக் கத்தினார். அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்ததில் பந்து அவள் காலுக்கடியில் ஓடிப்போனது. உடனே அவளை வெளியே எடுத்துவிட்டார்கள்.

ஷீலா பெற்றோர்களோடு நிற்காமல் மாற்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அங்கே ஐந்து பெண்கள் இருந்தார்கள். ஓரத்தில் இருந்தவள் ஷூவின் லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

"உம் பேரு இன்னாம்மா?"

"நிவேதிதா, ஆன்ட்டி."

"நீ எப்போ எறங்குவ?"

"தெரியல ஆன்ட்டி. போன மாசம் அஞ்சு நிமிஷம் ஆடினேன்."

"உன்ன செலக்ட் பண்ணிதான எடுத்தாங்க?"

"ஆமா. என் எடத்துக்கு மூணு பேர் இருக்காங்களே." அந்தப் பெண் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்பதுபோலச் சொன்னாள்.

அடையாறு கிளப் நாலுக்கு ஒன்று என்று ஜெயித்தது. நிவேதிதா கடைசிவரை இறங்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஷீலா நேராகக் கோச்சிடம் போனாள்.

"சார், எம் பொண்ணு ஒரு மேட்ச்சுக்கு எவ்ளோ நேரம் ஆடும்?"

கோச் நல்ல மனிதர்தான், மரியாதையாகவே பதில் சொன்னார். "மேடம், அத இப்பவே சொல்ல முடியாது. டீம்ல போட்டி இருக்கணும், அப்பதான் வளருவாங்க. மொதல் வருஷம் பாத்துக் கத்துக்கட்டும். நல்லா ஆடினா எடம் தானா வரும்."

"ஆடாம எப்டி சார் நல்லா ஆடும்?"

அவர் சிரித்தார். அதற்குள் வேறு யாரோ அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூன்றாவது கிளப் மந்தைவெளியில், மாநகராட்சி மைதானத்தில் இருந்தது. மைதானம் என்று சொன்னால் ஒரு பாதிதான். மறு பாதியில் கிரிக்கெட். நடுநடுவே டென்னிஸ் பந்து உருண்டு வரும், யாராவது எடுத்து எறிவார்கள். முந்தின நாள் மழையில் ஒரு கோல் போஸ்டுக்கு முன்னால் தண்ணீர் தேங்கியிருந்தது. பத்தொன்பது பெண்கள். கோச்சும் பெண்தான், ஃபிர்தௌஸ். இருபத்தொன்பது வயது. தலையில் துணியை இறுக்கிக் கட்டி, மேலே தொப்பி போட்டிருந்தாள். காலேஜில் கோல்கீப்பராக இருந்தவள். பகலில் ஒரு பள்ளியில் வேலை, சாயங்காலம் இது.

ஷீலா அதே கேள்வியை அவளிடமும் கேட்டாள்.

"எங்கிட்ட வந்தா பாதி ஆட்டமாவது எல்லாரும் ஆடணும்க்கா. அது ரூல். அதனாலதான் நெறையா தோக்குறோம்" என்று சொல்லிவிட்டு ஃபிர்தௌஸ் வாய்விட்டுச் சிரித்தாள்.

"தோத்தா புள்ளைங்கள இன்னா பண்ணுவ?"

"இன்னா பண்றது? அழுவுற வரைக்கும் அழுவுங்கன்னு உட்ருவேன். அப்புறம் எங்க உட்டோம்னு உக்காந்து பேசுவோம்."

மெர்லின் அன்று அவர்களோடு ஆடினாள். பந்து கிடைத்தால் யாருக்கும் கொடுக்காமல் அவளே இழுத்துக்கொண்டு போனாள். ஃபிர்தௌஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஷீலாவிடம் வந்தாள்.

"அக்கா, ஒண்ணு ஒடச்சி சொல்லிடறேன். இவளுக்கு நல்ல காலு. பதிமூணு வயசு வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். அதுக்கு மேல இந்த கிளப்பு இவளுக்குப் பத்தாது. அப்ப நானே பெரிய எடத்துல பேசி அனுப்பி வெக்கிறேன். இங்கியே இருன்னு சொல்ல மாட்டேன்."

தன் சரக்கில் இருக்கும் குறையைத் தானே எடுத்துச் சொல்லி விற்கிற இன்னொருத்தியை ஷீலா அதுவரை பார்த்ததில்லை.

"ஃபாரம் இருந்தா குடு" என்றாள்.

வீட்டில் பெரிய ரகளை. மெர்லினுக்கு நீல ஜெர்சிதான் வேண்டும். "அங்க டர்ஃப் கீது, பேர் போட்ட ஜெர்சி கீது. இங்க இன்னா கீது? தண்ணி தேங்கி கெடக்குது! நைனா, நீயாவது சொல்லு!" என்று அழுதாள். லாரன்ஸ் மகளையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான், வலை பின்ன வேலை இருக்கிறது என்று வெளியே போய்விட்டான்.

ஷீலா மகளை உட்கார வைத்து நிவேதிதாவைப் பற்றிச் சொன்னாள். லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினதையும் சொன்னாள்.

"அவ ஆடத் தெரியாதவளா இருப்பா. நான் எறங்குவேன்."

"எறங்குவியோ, மாட்டியோ. எனக்கு நீ உக்காந்துகினு இருக்கறத பாக்க முடியாது. ரெண்டு வருஷம் நான் சொல்றத கேளு. அப்புறம் நீ சொல்றத நான் கேக்குறேன்."

மூன்று நாள் மெர்லின் அம்மாவிடம் பேசவில்லை. தட்டை நீட்டுவாள், சாப்பிடுவாள், எழுந்து போவாள். பெரிய வாய்ப்பைக் கையால் தட்டிவிட்டோமோ என்று ஏலத்தில் நிற்கும்போதுகூட ஷீலாவுக்குத் தோன்றியது. இரண்டு முறை அடையாறு நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு, பேசாமல் போனை மூடினாள்.

முதல் வாரம் மெர்லின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் மந்தைவெளிக்குப் போனாள். இரண்டாவது வாரம் ஃபிர்தௌஸ் அவளைக் கோல்கீப்பராக நிற்க வைத்தாள். அந்தக் கிளப்பில் எல்லோரும் எல்லா இடத்திலும் ஆடிப் பார்க்க வேண்டும். ஆறு கோல் வாங்கி, சேறு அப்பிய முகத்தோடு மெர்லின் வீட்டுக்கு வந்தாள். "எவளும் பந்த பாஸே பண்ணலமா. தனித்தனியா இஸ்துக்கினு போயி உட்டுட்டு வர்றாளுங்க. பின்னாடி நிக்கறவ இன்னா பண்ணுவா?" என்று கோபமாகக் கேட்டாள். அந்த ரகளைக்குப் பிறகு அவள் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசியது அன்றுதான். ஷீலா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெந்நீர் வைக்கப் போனாள்.

லீக் தொடங்கியது. மேட்ச் எல்லாம் ஞாயிறு காலை. ஷீலா சர்ச்சில் ஞாயிற்றுப் பூசையை விட்டுச் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கே போக ஆரம்பித்தாள். கடைக்குத்தான் ஆள் வேண்டும். ஒவ்வொரு வாரமும் முத்துமாரியைக் கேட்க முடியாது. கடைசியில் லாரன்ஸ், விடியக் கரைக்கு வந்த கையோடு தூக்கத்தை விட்டுவிட்டு, மெர்லினுக்காகக் கடையில் உட்கார்ந்தான்.

கடலில் அவனுக்கு நிகர் இல்லை. கடையில் அப்படி இல்லை. பேரம் பேச அவனுக்கு வெட்கம். கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவான், மேலே இரண்டு மீனும் போடுவான். ராயப்பேட்டையிலிருந்து வாராவாரம் வரும் அஸ்மத்துன்னிசா ஷீலாவைப் பார்த்ததும், "இனிமே ஞாயித்துக்கெழம உன் வூட்டுக்காரரே இருக்கட்டும்மா. மனுசன் எவ்ளோ தங்கமான ஆளு!" என்றாள். ஷீலா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் அவனை மாற்றவில்லை.

ஏழாவது ஞாயிறு மந்தைவெளிப் பெண்கள் அடையாறு கிளப்போடு ஆடினார்கள், அதே செயற்கைப் புல்லில். மெர்லின் மைதானத்தின் அந்தப் பக்கம் வரிசையாக இருந்த நீல ஜெர்சிகளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஆட்டம் தொடங்கிவிட்டது, பார்க்க நேரமில்லை. முதல் பாதியிலேயே இரண்டு கோல் வாங்கினார்கள். இரண்டாவது பாதியில் மெர்லின் இடது ஓரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். எதிரே மூன்று பேர் வந்தார்கள். பழைய மெர்லினாக இருந்தால் அந்த மூன்று பேருக்குள்ளும் தலையை விட்டிருப்பாள். அவள் நின்றாள், தலையைத் தூக்கிப் பார்த்தாள், குறுக்கே தட்டிவிட்டாள். அங்கே யாரும் கவனிக்காமல் நின்றிருந்த சின்னப் பெண் ஒருத்தி அதை உள்ளே தள்ளினாள். அந்தப் பெண் அதுவரை தன் வாழ்க்கையிலேயே கோல் போட்டதில்லை. பத்தொன்பது பேரும் அவள் மேல் விழுந்தார்கள்.

கடைசிப் பத்து நிமிஷம் அடையாறு கோச் நிவேதிதாவை இறக்கினார். ஷீலா எந்த அணி என்றும் பார்க்காமல் எழுந்து நின்று கை தட்டினாள். பக்கத்திலிருந்த மந்தைவெளி அம்மாக்கள் அவளை முறைத்தார்கள். அந்தப் பெண் நன்றாகத்தான் ஆடினாள். அடையாறின் மூன்றாவது கோல் அவள் கொடுத்த பந்தில்தான் வந்தது.

மூன்றுக்கு ஒன்று. ஃபிர்தௌஸ் சொன்னபடியே பிள்ளைகள் கொஞ்ச நேரம் அழுதார்கள், பிறகு வட்டமாக உட்கார்ந்து எங்கே விட்டோம் என்று பேசினார்கள், பிறகு வாழைப்பழத்துக்குச் சண்டை போட்டார்கள். அந்த வருஷம் எட்டு அணிகளில் அவர்களுக்கு ஐந்தாவது இடம்.

அடையாறு மேட்ச் முடிந்து தாயும் மகளும் குப்பத்துக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டு. லாரன்ஸ் மீன் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாசலில் காத்திருந்தான்.

"எவ்ளோ?"

"மூணு ஒண்ணு" என்றாள் மெர்லின்.

"யாருக்கு மூணு?"

"அவுங்களுக்கு."

லாரன்ஸின் முகம் வாடியது. ஆனால் மெர்லின் அதைக் கவனிக்கவில்லை. "அத உடு நைனா. நம்ம கோல் எப்டி உழுந்துச்சி தெரியுமா? இங்க பாரு" என்று அவன் செருப்பு இரண்டையும் உருவி, பக்கத்தில் தன் ஷூ ஒன்றையும் வைத்து, எதிரே வந்த மூன்று பேரை நிறுத்தினாள். தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைத்து, "இது அந்தப் பொண்ணு" என்றாள். லாரன்ஸ் குந்தி உட்கார்ந்து, ஏதோ நீரோட்டம் பார்ப்பதுபோலக் கூர்ந்து பார்த்தான்.

"நீயே அடிச்சிருக்கலாமே?"

"மூணு பேரு கீறாங்க நைனா. அவ சும்மா நிக்கிறா. யாருக்குக் குடுப்ப?"

ஷீலா சோற்றைப் போட்டுவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு பேரும் வருவதாக இல்லை. அவள் தட்டுகளை வாசலுக்கே கொண்டுவந்து, குடத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.